வாங்கில் இருந்தவர்கள் கேட்ட மரபணு

மரபணு என்ற சொல்லை ஒரு நோயாளிக்கு முன்னால் முதல் தடவை சொல்லப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் தாதியாகப் பயிற்சி பெற்ற காலத்தில் உடற்பருமன் என்பது இரண்டு வசனத்தில் முடிந்துவிடும்: கூடத் தின்கிறார், குறைய நடக்கிறார். உங்களுக்கு அதைவிட அதிகம் தெரியும். மூளையில் டோபமின் என்ன செய்கிறது, எந்த மரபணு அதில் கை வைக்கிறது என்றெல்லாம் படித்துவிட்டு வருகிறீர்கள். படித்ததை எங்கே நின்று சொல்வது, யாருக்குக் கேட்கும்படி சொல்வது என்பதை மட்டும் எந்தப் பாடத்திட்டத்திலும் நான் காணவில்லை.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் ஒரு வைத்தியசாலை. பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே மர வாங்குகளில்தான் குந்துகிறார்கள். எரிபொருள் வரிசைகள் ஓய்ந்ததற்கு அடுத்த வருடம், மாசி மாதம். அங்கே வேலை செய்தவர்கள் சிலர் இதைப் பங்குனி என்று சொல்வார்கள். மாசிதான். பெரும்போக வெட்டு முடிந்து வயல்வட்டைகளில் வைக்கோல் கிடந்தது. கலியாணப் பேச்சுகள் தொடங்கியிருந்தன. இந்தக் கதைக்கு அந்த இரண்டாவது விஷயம் முக்கியம்.

எங்கள் சீனி வருத்த, அதாவது நீரிழிவுநோய்க், கிளினிக்கில் நான் பணிக்கு வரும் முன்பே ஒரு வழக்கம் இருந்தது. நிறை பார்க்கும் தராசு மண்டபத்தின் வாசலில். பதிகிற மேசை மறு கோடியில். இடையில் நீண்ட மரவாங்குகள், அவற்றில் நோயாளிகள். தராசடியில் நிற்கும் சிற்றூழியர் பெயரையும் கிலோவையும் உரத்துக் கூப்பிடுவார், மேசையில் எழுதிக்கொள்வார்கள். நிறை கூடியிருந்தால் கூப்பிடும் குரலிலேயே ஒரு இழுவை இருக்கும். வாங்கில் சிரிப்பு எழும். பிறகு வைத்தியரின் ஏச்சு. ஏச்சு வாங்கினால் திருந்துவார்கள் என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. திருந்தாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஏச்சு.

பரமேஸ்வரி பழுகாமத்திலிருந்து வருவார். நாற்பதைத் தாண்டிய பெண். கணவருக்குக் கொஞ்சம் வயல், ஒரேயொரு மகள். ஊரில் பரமேசு. தராசில் ஏறுமுன் செருப்பைக் கழற்றுவார், காப்பைக் கழற்றுவார், தோட்டைக் கழற்றுவார். பின்னால் நிற்பவர்கள், “பல்லையும் கழட்டிப்போட்டு ஏறு கா” என்பார்கள். அவரும் சிரிப்பார். ஒருநாள் இரத்த அழுத்தம் பார்க்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“மிஸி, வயிறு போதும் எண்டுதான் சொல்லுது. தலைக்குள்ள ஒண்டு இரிக்கு, அதுதான் இன்னும் வை, இன்னும் வை எண்டு சொல்லுது. டொக்டர் ஏசுற நேரம் இனிமேல் இல்ல எண்டு நினைக்கிற. வீட்ட போய்ச் சேர, ஏசினதே மறந்து போகுது.”

இந்த வாக்கியங்களை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சியாளர்கள் நீட்டி எழுதுவதைத்தான் அவர் தன் பாட்டில் சொல்லியிருந்தார்.

அந்த மாசிக் கிளினிக்கில் பரமேசு வாங்கிலேயே மயங்கி விழுந்தார். விரலில் குத்திப் பார்த்தோம், சீனி பாதாளத்தில். நிறை குறைந்து காட்ட வேண்டுமென்று முந்திய நாளே சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். சீனியைக் குறைக்கிற குளிசையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். நாளத்தில் குளுக்கோசு ஏற்றிய பிறகுதான் கண் விழித்தார்.

அப்போது எங்களுக்கு ஒரு புதிய டொக்டர் வந்திருந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர், வயது முப்பதைச் சுற்றி. நல்ல வைத்தியர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படித்துவிட்டு அவரைக் கெட்டவராக்கிவிடுவீர்கள். பதறாமல் வேலை செய்தவர், பரமேசு கண் விழித்த பிறகுதான் குரலை உயர்த்தினார். கோபம்.

“யாருக்குப் பயந்து இவங்க பட்டினி கிடந்தாங்க? எங்களுக்கு. எங்கட ஏச்சுக்கு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா உயிர் போயிருக்கும்.” பிறகு வாங்குகளைப் பார்த்துத் திரும்பினார். “எல்லாரும் கேளுங்க. இவங்களைப் பார்த்துச் சிரிச்ச ஆக்களும் கேளுங்க. இதில இவங்கட பிழை ஒண்டுமில்ல.”

அங்கே நின்றே ஒரு வகுப்பு எடுத்தார். மூளைக்குள் டோபமின் என்று ஒன்று இருக்கிறது. குளத்துத் தண்ணீர் மாதிரி. நல்லதைக் கண்டால் கதவு திறக்கும், ஆசை பாயும். போதும் என்றதும் கதவு மூட வேண்டும். மூடுகிற வேலையில் ஒரு மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. சிலருக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத் தண்டனையால் பாடம் ஏறாது, ஏசுவது வீண். கடைசியில் சொன்னார்: “இது ரத்தத்தில வாறது. தாய் தகப்பனிட்ட இருந்து பிள்ளைகளுக்கு வாறது. இவங்க என்ன செய்வாங்க?”

பரமேசு படுத்திருந்தபடியே அழுதார். என் கையைப் பிடித்து, “என்ட பிழையில்லையாம் மிஸி, கேட்டிங்களா?” என்றார். டொக்டர் அன்றைக்கே மேசையைத் தூக்கித் தராசடியில் போடச் செய்தார். கிலோ கூப்பிடும் வழக்கம் அத்துடன் முடிந்தது. அவர் செய்த நன்மைகளில் அது இன்னும் மிச்சமிருக்கிறது.

பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். எஃப்.ரி.ஓ. என்று அந்த மரபணுவைச் சொல்கிறார்கள். அதன் ஒரு வடிவம் உள்ளவர்களுக்கு நிறை கூடும் சாத்தியம் சற்று அதிகம். அந்த மரபணுவை நீக்கிய எலிகளில், டோபமின் சுரக்கும் மூளைக் கலங்கள் தம்மைத் தாமே அடக்கிக்கொள்ளும் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மனிதரில், அந்த வடிவம் உள்ளவர்கள் கெட்ட விளைவிலிருந்து பாடம் எடுப்பதில் கொஞ்சம் பின்தங்குகிறார்கள் என்று சில ஆய்வுகள். ‘சற்று’, ‘கொஞ்சம்’, ‘சில’. டொக்டருக்கு இந்தச் சொற்கள் தெரியாமல் இல்லை. கோபத்தில் விட்டுவிட்டார். இன்னொன்றையும் விட்டுவிட்டார்: பரமேசுவின் மரபணுவை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. அந்த வடிவம் உலகத்தில் எத்தனையோ பேரிடம் இருக்கிறது, மெலிந்தவர்களிடமும் இருக்கிறது. அது பரமேசுவிடம் இருந்ததா என்பது அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

வாங்கில் அன்றைக்கு இருந்தவர்களில் ஒருவர் கணபதிப்பிள்ளை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே குடி, அதாவது குலம், தாய்வழியாக வரும். தாய் எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. வீடு மகளுக்கு, கலியாணம் செய்த ஆண் பெண்சாதியின் ஊருக்குப் போவான். கணபதிப்பிள்ளை அப்படித்தான் ஆரையம்பதியிலிருந்து பழுகாமத்துக்கு வந்தவர். ஆனாலும் சகோதரியின் பிள்ளைகளுக்கு அவர்தான் தாய்மாமன். அவர் வாய் திறக்காமல் அந்த வீட்டில் ஒரு சம்பந்தம் முற்றாகாது. அந்தச் சகோதரியின் மகன், மின்சார வேலை செய்யும் பொடியன், அவனுக்குத்தான் பரமேசுவின் மகள் தர்ஷினியைப் பேசியிருந்தார்கள். பேச்சைத் தொடக்கியதே கணபதிப்பிள்ளைதான். பெண்ணுக்கென்று கட்டிய வீட்டுக்குக் கூரையும் போட்டாகிவிட்டது.

டொக்டர் ‘தாய் தகப்பன்’ என்றுதான் சொன்னார். அந்தச் சொல் வைத்தியசாலைப் படலையைத் தாண்டுமுன் தகப்பன் கழன்று விழுந்துவிட்டார். குடி தாய்வழி; ஆகவே ரத்தமும் தாய்வழி; ஆகவே நோயும் தாய்வழி. பரமேசுவின் குடியில் ஒரு வருத்தம் ஓடுகிறது, பெரிய டொக்டரே சொன்னார், பொம்பிளைப் பிள்ளைக்கு நிச்சயம் வரும். கொழும்பிலிருந்து வந்தவருக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. ‘ரத்தம்’ என்ற சொல் இந்த ஊரில் எங்கே போய் ஒட்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பேசியதுதான் அவருடைய பிழை.

பங்குனி பிறந்த பிறகு, கிளினிக் இல்லாத ஒரு நாளில், பரமேசு என்னைத் தேடி வந்தார். குந்தச் சொன்னேன், குந்தவில்லை.

“மிஸி, மாப்பிள்ள வீட்டால நிப்பாட்டிட்டாங்க. குடியில நோயாம். என்ட புள்ள என்ன செஞ்சவ? அவ என்னைப் போலயா இரிக்கா? கம்பு மாதிரி இரிக்கா.”

“டொக்டரைக் கதைக்கச் சொல்லட்டா?”

“அவர்தானே சொன்னவரு. அவர்தான் கதைக்க வேணும்.” பிறகு தயங்கி, “அவருக்கு ஏசிப்போடாதிங்க மிஸி. எனக்காகத்தானே சொன்னவரு” என்றார்.

டொக்டரிடம் சொன்னபோது அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. குடி என்றால் என்ன என்று நான் விளக்க விளக்க முகம் வெளுத்துக்கொண்டு போனது. “இது பைத்தியக்காரத்தனம் மிஸி, அப்பாவிட்ட இருந்தும் பாதி வருமே” என்றார். “அதை என்னிடம் சொல்லிப் பயனில்லை” என்றேன்.

அடுத்த கிளினிக். சித்திரை வருஷப்பிறப்புக்கு முந்திய வாரம், மண்டபம் நிறைந்திருந்தது. கணபதிப்பிள்ளை வழக்கமான இடத்தில் இருந்தார். பரமேசுவும் வந்திருந்தார், மகள் வரவில்லை. நான் போய், “அண்ணன், டொக்டர் உங்களோட கொஞ்சம் கதைக்க வேணுமாம். உள்ளுக்கு வாங்க” என்றேன்.

கணபதிப்பிள்ளை அசையவில்லை. “எதுக்கு உள்ளுக்கு? சபையில சொன்ன கதையைச் சபையிலதான் கதைக்க வேணும் மிஸி. உள்ளுக்குப் போய்க் கதைச்சா, காசு குடுத்துக் கதைச்ச எண்டு சொல்லுவாங்க.”

கோயில் சபையில் எழுந்த குற்றத்தைக் கோயில் சபையில்தான் தீர்ப்பார்கள். அவர் அந்தச் சட்டத்தைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன். அதற்குள் டொக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

“ஐயா, நீங்க பிழையா விளங்கிட்டிங்க. இது குடியோட சம்பந்தமில்லாத விஷயம். எத்தனையோ பேருக்கு இருக்கிறது. உங்களிட்டயும் இருக்கலாம். உங்கட வயிற்றைப் பாருங்க.”

வாங்கு முழுக்கச் சிரித்தது. கணபதிப்பிள்ளை வயிற்றைத் தடவிக்கொண்டார். “இது குடியால வந்த வயிறு இல்ல டொக்டர். பெண்சாதி ஆக்கிற சோத்தால வந்த வயிறு.” சிரிப்பு இரண்டு மடங்கானது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

“நான் படிக்காதவன் டொக்டர். எனக்கு ஒண்டைச் சொல்லுங்க. பரமேசுவுக்கு அது சோத்தால வந்ததா, ரத்தத்தால வந்ததா? அண்டைக்கு ரத்தம் எண்டிங்க. இண்டைக்கு என்ன சொல்லுறிங்க?”

டொக்டர், “அப்படி ஒண்டைச் சொல்ல ஏலாது ஐயா, ரெண்டும் சேர்ந்துதான், சூழலும்…” என்று தொடங்கினார். உண்மையான பதில் அதுதான். வாங்கில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘சேர்ந்து’ என்ற சொல்லில் ‘ரத்தம்’ இன்னும் உள்ளே இருந்தது. அதை எல்லோரும் கேட்டார்கள்.

பரமேசுவும் கேட்டார். வாங்குகளுக்கு நடுவே நடந்து வந்தார்.

“சோத்தாலதான்” என்றார். “சொல்லுங்க டொக்டர். சோத்தாலதான் எண்டு சொல்லுங்க. நான் திண்டு திண்டு வந்தது எண்டு சொல்லுங்க.”

“அம்மா, நீங்க…”

“எனக்கு வாய்க்கட்டு இல்ல. ஆக்கிற நேரமும் திண்டுற, ஆக்கி முடிச்சும் திண்டுற. களவாத் திண்டுற. இவங்க எல்லாருக்கும் தெரியும். சொல்லுங்க டொக்டர், உங்களைக் கும்பிடுறன்.”

பிழை அவருடையது இல்லை என்று கேட்டு அழுத அதே பெண், அந்தப் பிழையைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டு நின்றார். மகளைக் காப்பாற்ற அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

டொக்டர் வாங்குகளைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். பொய் சொன்னால் கலியாணம் நடக்கும். உண்மை சொன்னால் உண்மை மட்டும் மிஞ்சும், அதையும் யாரும் உண்மையாகக் கேட்கப்போவதில்லை. யோசிக்க அவருக்குக் கிடைத்த நேரம், ஒருவர் மூச்சு இழுத்து விடுகிற நேரம்.

ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல்ல” என்றார் கணபதிப்பிள்ளை.

“சத்தமாச் சொல்லுங்க டொக்டர்” என்றார் பரமேசு.

“இவங்க சாப்பாட்டைக் கட்டுப்படுத்துறதில்ல” என்றார் டொக்டர், மண்டபத்துக்கே கேட்கும்படி. “சொன்ன சொல் கேட்கிறதில்ல. இவங்கட பிழைதான். குடியில ஒண்டுமில்ல. அண்டைக்கு நான் சொன்னது பிழை.”

“அப்படிச் சொல்லுங்க” என்று கணபதிப்பிள்ளை குந்தினார். வாங்கில் தலைகள் ஆடின. யாரோ ஒரு பெண், “வாயைக் கட்டு கா இனியாவது” என்றாள், அன்பாகத்தான். பரமேசு கை கூப்பினார். அவர் முகத்தில் அவமானம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். நிம்மதிதான் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பினேன்.

டொக்டர் உள்ளே போய்க் கை கழுவினார். நீண்ட நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து, “வேற என்ன செய்திருக்கலாம் மிஸி?” என்று கேட்டார்.

அவருக்கு நான் அன்றைக்குத் துவாயை எடுத்துக் கொடுத்தேன். பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். அந்த நாளில் வேறொன்றும் செய்திருக்க முடியாது. செய்யக்கூடியதாக இருந்த நாள் மாசியில் போய்விட்டது. நோயாளியின் மேலிருந்து பழியை இறக்குவதென்றால் அவருடைய காதுக்குள் இறக்குங்கள். கூட்டத்துக்கு முன்னால் இறக்கினால், இறங்கிய பழி யார் மடியில் போய் விழும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு கூட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி சொல்வதை எதிரில் கிடக்கும் ஒரு ஆளின் மேல் ஒட்டாதீர்கள், கருணையால்கூட ஒட்டாதீர்கள். இதை எழுதும்போது எளிதாக இருக்கிறது. ஒரு பெண் உங்கள் கண் முன்னால் பட்டினியால் விழுந்து, உங்களுக்குக் கோபமும் வந்து, உங்களிடம் உண்மையும் இருக்கும்போது எளிதாக இருக்காது.

கலியாணம் வைகாசியில் நடந்தது. டொக்டர் இடமாற்றம் கேட்டுப் போனார். அவருக்குப் பின் வந்தவர் பழைய பாணி. மேசையை இடம் மாற்றவில்லை, ஏச்சை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தார். பரமேசு மாதம் தவறாமல் வந்தார். எது சொன்னாலும், “ஓம் டொக்டர், என்ட வாய்தான், என்ட பிழைதான்” என்பார். முதலில் அதை மகளுக்காக நடிக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் தனியாக இருக்கும்போது, “அண்டைக்கு டொக்டர் முதல்ல சொன்னதும் முழுப்பொய் இல்லை பரமேசு” என்று தொடங்கினேன். “விடுங்க மிஸி. அது படிச்சாக்கள் என்னைத் தேத்துறதுக்குச் சொன்ன கதை. எனக்குத் தெரியாதா என்னைப் பத்தி?” என்றார். நடிப்பு எப்போதோ முடிந்திருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாரி. மழை விட்ட ஒரு காலையில் தர்ஷினி கிளினிக்குக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது ஏறிய சீனி, முதற் பிள்ளை பிறந்த பிறகும் இறங்கவில்லை என்று அனுப்பியிருந்தார்கள். கம்பு மாதிரி இருந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மடியில் குழந்தை. பக்கத்தில் தாய். வாங்கில் வழக்கம்போல் ஊர் முழுக்க.

இரத்த அழுத்தம் பார்க்கக் கைக்குப் பட்டி கட்டிக்கொண்டிருந்தபோது தர்ஷினி என் பக்கம் குனிந்தாள். “மிஸி, ஒண்டு கேக்கட்டா? வயிறு நிறைஞ்சிரிக்கு, அது விளங்குது. மனம்தான் நிக்குதில்ல. அவரும் ஏசுறாரு, நானும் அழுற, மறுகாவும் அதைத்தான் செய்யிற. இது என்ன வருத்தம் மிஸி?”

அந்தக் கேள்விக்கு ஒரு பதிலின் துண்டாவது என்னிடம் இருந்தது. முழுமையில்லாத, ‘சற்று’ம் ‘சில’வும் நிறைந்த பதில், ஆனாலும் அவள் அழுகையைக் கொஞ்சம் குறைத்திருக்கும். “உள்ளுக்கு வா புள்ள” என்று எழுந்தேன்.

பரமேசு எனக்கு முன் எழுந்துவிட்டார். மகளின் முதுகில் கையை வைத்து, என்னைப் பாராமல் வாங்குகளைப் பார்த்து, மண்டபத்தின் மறு கோடிக்கும் கேட்கும்படி சொன்னார்:

“வருத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வாயைக் கட்டத் தெரியா இவளுக்கு. பொல்லாத வாய்.”

சிலர் சிரித்தார்கள். தர்ஷினியின் கண் நிரம்பியது. பரமேசு அவள் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது பெண் குழந்தை.

“ஓம் எண்டு சொல்லு” என்றார் மகளிடம்.

“ஓம்” என்றாள் தர்ஷினி.